வைட்டம் காட்டு அடங்கல்

எங்கள் தலைமுறையில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த யாரிடம் கேட்டாலும் எல்டன் பிரமிடைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். அடியில் புல், அதற்குமேல் வெட்டுக்கிளி, அதற்குமேல் தவளை, உச்சியில் ஒரு பாம்போ பருந்தோ. ஐந்து மதிப்பெண் நிச்சயம். அதை வரையச் சொல்லிக்கொடுத்தே அரசுக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த எல்டன் யார், எந்த ஊர்க்காரர், எதை எண்ணிப் பார்த்து இதைச் சொன்னார் என்று ஒரு மாணவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பாடப்புத்தகத்திலும் பெயருக்குமேல் ஒன்றும் கிடையாது. கோட்பாட்டுக்குப் பெயர் இருக்கும், பெயருக்கு ஊர் இருக்காது. நாம் அறிவியல் கற்பிக்கும் லட்சணம் அப்படி.

சார்லஸ் எல்டனுக்கு ஊர் உண்டு, ஒரு காடும் உண்டு. ஆக்ஸ்போர்டு நகருக்கு வடமேற்கே, தேம்ஸ் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு குன்றின்மேல் இருக்கிறது வைட்டம் காடு. பரப்பளவு சுமார் ஆயிரம் ஏக்கர். நம் முதுமலைச் சரணாலயத்துக்குள் இதைப்போல் எழுபதுக்கு மேல் அடங்கும். யானை, புலி கிடையாது. ஓக், ஆஷ், சிக்கமோர் மரங்கள், மான்கள், வளை தோண்டி வாழும் பேட்ஜர்கள், பட்டாணிக் குருவிகள், ஆந்தைகள், எலிகள், புழுக்கள். ஆனால் உலகத்தில் இந்த அளவுக்குத் துருவித் துருவிக் கணக்கெடுக்கப்பட்ட காடு வேறொன்று உண்டா என்பது சந்தேகம்தான். அதன் சொந்தக்காரர் வனத்துறை இல்லை, அரசும் இல்லை, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம்.

பல்கலைக்கழகத்துக்கு எப்படி வந்தது? பழைய காலத்தில் அது அபிங்டன் மடத்துச் சொத்து. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு பிரபுக்கள் கைக்கு மாறி, நெடுங்காலம் அபிங்டன் கோமான்களிடம் இருந்தது. 1920இல் அதை வாங்கியவர் ரேமண்ட் ஃபென்னல். இவருடைய பிறப்புப் பெயர் ஷூமாக்கர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்த பணம். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஜெர்மன் பெயரோடு இருப்பது சங்கடம் என்பதால், ஃபென்னல் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஆக்ஸ்போர்டின் பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கிக் காற்றாட விளையாட இடம் கொடுத்தவர். ஒரே மகள் ஹேசல். அவள் 1939இல் இறந்துபோனாள். 1942இல் ஃபென்னல் காட்டைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அது மகள் பெயரால் விளங்க வேண்டும் என்பது அவர் ஆசை. காட்டின் இயற்கை அழகு கெடக்கூடாது, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அது பயன்பட வேண்டும் என்பதும் அந்தக் கொடையில் இருந்தது.

சுரங்கப் பணத்தின் கதை தனியே எழுதவேண்டியது. தென்னாப்பிரிக்கத் தொழிலாளிகள் பூமிக்கடியில் பட்ட பாட்டில் விளைந்த காசு ஆக்ஸ்போர்டில் குருவிக்கு நிழலாயிற்று என்று கசப்போடு சொல்லவும் இடமுண்டு. நான் மறுக்கமாட்டேன். ஆனால் மகளை இழந்த தகப்பன் பளிங்கு மண்டபம் கட்டாமல் காட்டைக் காடாகவே விட்டுப் போனதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது.

கொடை வந்த நேரத்தில் எல்டன் வேறு வேலையில் இருந்தார். அவர் 1932இல் ஆக்ஸ்போர்டில் நிறுவிய விலங்குத்தொகை ஆய்வகத்தை, போர்க்காலத்தில் தானியக் கிடங்குகளின் எலிகளையும் வயல்களைத் தின்ற முயல்களையும் ஒடுக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். கப்பலில் வரும் கோதுமையை ஹிட்லரின் நீர்மூழ்கி ஒரு பக்கம் மூழ்கடிக்க, கரை சேர்ந்ததை எலி தின்றால் என்ன ஆவது? விலங்குத்தொகை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை பொருத்தமானதுதான். அந்த வேலைக்கு நடுவிலேயே வைட்டம்மின் மீதும் கண் வைத்தார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரமிடு வைட்டம்மில் பிறந்ததில்லை. 1921இல், இருபத்தோரு வயது மாணவராக, எல்டன் ஆர்க்டிக் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் கரடித் தீவுக்கும் ஆக்ஸ்போர்டுக் குழுவோடு போனார். அங்கே உயிரினங்கள் சொற்பம். எது எதைத் தின்கிறது என்பதை ஒரே தாளில் வரைந்துவிடலாம்; தாவரவியலாளர் சம்மர்ஹேஸும் அவரும் சேர்ந்து 1923இல் அப்படி வரைந்து வெளியிட்டார்கள். பிறகு 1927இல் வந்த ‘அனிமல் எகாலஜி’ என்ற மெல்லிய புத்தகத்தில் உணவுச் சங்கிலியும் எண்ணிக்கைப் பிரமிடும் வந்தன. நம் தேர்வுத் தாளில் உள்ள முக்கோணம் பனிப்பிரதேசத்து அனுபவத்தில் ஊறியது.

வைட்டம் அப்படி ஒரு தாளில் அடங்குமா? ஆயிரம் ஏக்கருக்குள் ஆயிரக்கணக்கான உயிரினங்கள். எல்டன் அத்தனையையும் எழுதிவிடுவது என்று இறங்கினார். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார்: திறந்த வெளி, வயலோரம், புதர், மரக்காடு, ஒவ்வொன்றிலும் தரைமட்டம், இடைமட்டம், உச்சிமட்டம், இவை தவிர சாணம், பிணம், காளான், பட்டுப்போன கட்டை. எந்தப் பூச்சி எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தது என்று சீட்டு சீட்டாக எழுதிச் சேர்த்தார். வந்துபோன மாணவர்களும் மற்ற ஆய்வாளர்களும் கண்டதெல்லாம் அந்தச் சீட்டுகளில் சேர்ந்தன.

என் அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. 1980இல் அந்தப் பரம்பரைப் பதவியை ஒழிக்கும்வரை அடங்கல் எழுதியவர். எந்தச் சர்வே நம்பரில் இந்தப் போகம் என்ன பயிர், பயிரில்லாவிட்டால் தரிசா புறம்போக்கா, ஆற்றுப் பாய்ச்சலா கிணற்றுப் பாய்ச்சலா என்று வருஷா வருஷம் எழுதிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அதை யாரும் படிக்கமாட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து ஒரு வரப்புத் தகராறு வரும்போதுதான் அந்த மஞ்சள் தாளுக்கு உயிர் வரும். எல்டன் எழுதியதும் அடங்கல்தான், சர்வே நம்பருக்குப் பதில் வாழிடம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்ததைத் திரட்டி 1966இல் ஒரு பெரிய நூலாக்கினார். பலரும் மேற்கோள் காட்டும் அதன் செய்தி, செத்த மரத்தைப் பற்றியது. பட்டுப்போனதையும் விழுந்ததையும் ‘சுத்தம் செய்கிறோம்’ என்று அள்ளிவிட்டால், காட்டின் விலங்கினங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்றார். விறகுக்கும் ஒழுங்குக்கும் பழகிய ஐரோப்பிய வனக்காவலர்களுக்கு அது புதுச் செய்தி. மறு ஆண்டு எல்டன் ஓய்வு பெற்றார். அவரோடு அந்த ஆய்வகத்தையும் மூடிவிட்டார்கள். முழுக் காட்டையும் எழுதிவிட நினைத்தவரின் கணக்கு அங்கே நின்றது.

நிற்காமல் போன கணக்கு இன்னொருவருடையது. அந்த ஆள் ஒரே ஒரு கேள்வியோடு வந்தார்.

டேவிட் லாக் முதலில் பள்ளி ஆசிரியர். டார்ட்டிங்டன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ராபின் பறவையை ஆராய்ந்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு 1938இல் கலாபகஸ் போய் வந்தவர், போர்க்காலத்தில் ராடாரோடு திரிந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து இப்படி ஆனவர்கள்மீது எனக்குப் பொறாமை கலந்த பிரியம் உண்டு. 1945இல் ஆக்ஸ்போர்டின் எட்வர்ட் கிரே பறவையியல் நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். அவருடைய கேள்வி இது: ஒரு பறவை ஏன் இத்தனை முட்டைதான் இடுகிறது? ஏன் அதைவிடக் கூட இல்லை, குறைவும் இல்லை?

அந்தக் காலத்தில் பலர், இனம் பெருகி அழிந்துவிடாமல் இருக்கப் பறவைகள் தாமே அடக்கிக்கொள்கின்றன என்று நம்பினார்கள். லாக் அதை ஏற்கவில்லை. எத்தனை குஞ்சுக்கு இரை ஊட்ட முடியுமோ அத்தனை முட்டை. கூடுதலாக இட்டால் குஞ்சுகள் மெலிந்து சாகும், குறைவாக இட்டால் வம்சம் பின்தங்கும். இதில் தியாகம் எங்கே வந்தது என்றார். சொல்வது எளிது, நிரூபிக்க எண்ண வேண்டும். நெதர்லாந்தில் குளூய்வர் என்பவர் மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டுப் பட்டாணிக் குருவிகளைக் கணக்கெடுத்து வந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த லாக், 1947இல் வைட்டம்மின் ஒரு மூலையான மார்லி காட்டில் நூறு கூடுப்பெட்டிகளை மாட்டினார்.

பட்டாணிக் குருவி நமக்குத் தெரியாத பறவை இல்லை. கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் பார்க்கலாம். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், நெஞ்சில் டை கட்டியதுபோல் கருங்கோடு. நம்முடையது சாம்பல் நிறம், அவர்களுடையது மஞ்சள் வயிறு. முன்பு இரண்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள், இப்போது பிரித்துவிட்டார்கள். இருபது கிராம்கூடத் தேறாத அந்தப் பறவை மரப்பொந்தில் கூடு வைக்கும். பெட்டி கிடைத்தால் பொந்தை மறந்துவிடும். ஆய்வாளருக்கு அதைவிட என்ன வேண்டும்? மூடியைத் திறந்தால் முட்டை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அதே வேலை. வாரம் தவறாமல் பெட்டிகளைச் சுற்றிவர வேண்டும். கூடு தொடங்கிவிட்டதா, முதல் முட்டை என்று, எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது. குஞ்சுக்குச் சுமார் பதினைந்து நாள் ஆனதும் எடுத்து நிறுத்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டித் திரும்ப வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு யார் திரும்பி வந்தார், யார் யாரோடு குடித்தனம் நடத்துகிறார், யாருக்கு யார் பேரன் என்று எழுத வேண்டும். 1957இல் மாணவராக வந்து சேர்ந்த கிறிஸ் பெரின்ஸ் இதைப் பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டு போனார். கூட்டைவிட்டுப் பறக்கும் நேரத்தில் கனமாக இருந்த குஞ்சே பெரும்பாலும் மறு ஆண்டைப் பார்க்கிறது என்று காட்டினார். அறுபதுகளில் காடு முழுக்கப் பெட்டிகள் வந்துவிட்டன. இன்று ஆயிரத்துக்கு மேல்.

லாக் சொன்னது அப்படியே பலித்ததா என்றால், முழுக்க இல்லை. 1987இல் பெரின்ஸும் மார்க் பாய்ஸும் பழைய ஏடுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். வைட்டம் குருவி சராசரியாக எட்டரை முட்டைதான் இடுகிறது. ஆனால் பன்னிரண்டு இட்ட கூடுகளிலிருந்துதான் அதிகக் குஞ்சுகள் பிழைத்திருந்தன. அப்படியானால் எல்லாக் குருவியும் ஏன் பன்னிரண்டு இடவில்லை? பஞ்ச வருஷம் வந்தால் பெரிய குடும்பம்தான் முதலில் அடிபடும் என்பது அவர்கள் கண்ட விடை. நல்ல வருஷத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் கெட்ட வருஷத்தில் பிழைத்துக்கொள்கிறவளின் வம்சமே நிலைக்கிறது. மானாவாரி விவசாயி யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருட முனைவர் பட்டத்துக்குள் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மூன்று வருடமும் நல்ல வருஷமாகவே இருந்து தொலைக்கலாம்.

பெட்டி வைத்ததால் காடும் கொஞ்சம் மாறிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். வீசல் என்று ஒரு சின்ன ஊனுண்ணி, நம் கீரியைவிட மிகச் சிறியது. மரமேறிப் பெட்டிக்குள் நுழைந்து குஞ்சுகளை வரிசையாகத் தின்னப் பழகிக்கொண்டது. எழுபதுகளில் மரப்பெட்டிகளை எடுத்துவிட்டு, வீசல் எளிதில் எட்ட முடியாதபடி தொங்கும் சிமெண்டும் மரத்தூளும் கலந்த பெட்டிகளை மாட்டினார்கள். இது மனிதக் கை படாத காடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரணாலயம் பாதி, தொழிற்சாலை பாதி.

குருவியின் கதை புழுவிடம் போகாமல் முடியாது. குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் ஓக் இலையில் மேயும் பச்சைப் புழுக்கள். முக்கியமாக, குளிர்கால அந்துப்பூச்சியின் புழுக்கள். பேராசிரியர் ஜார்ஜ் வார்லியும் ஜார்ஜ் கிராட்வெல்லும் 1950 முதல் 1968 வரை ஐந்தே ஐந்து ஓக் மரங்களை எடுத்துக்கொண்டு அந்தப் பூச்சியைப் பின்தொடர்ந்தார்கள். நான் வைட்டம் வரலாற்றில் மிகவும் ரசிப்பது இந்த இருவரைத்தான். அந்தப் பெண் பூச்சிக்குப் பறக்கச் சிறகு கிடையாது. குளிர் தொடங்கும்போது மண்ணிலிருந்து வெளிவந்து அடிமரத்தில் நடந்தே மேலே ஏறும். வழியில் பொறி வைத்து எண்ணினார்கள். வசந்தத்தில் கொழுத்த புழு நூல்விட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். மரத்தடியில் தட்டு வைத்து, விழுந்ததை எண்ணினார்கள். முட்டை எத்தனை, புழு எத்தனை, ஒட்டுண்ணி தின்றது எத்தனை, மண்ணுக்குள் வண்டும் எலியும் தின்றது எத்தனை என்று, ஒவ்வொரு கட்டத்தின் இழப்பையும் வரவு செலவுபோல எழுதினார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கு முறை இன்றும் பூச்சியியல் பாடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு தொகை ஏறி இறங்குவதைத் தீர்மானித்தது எதிரிகள் இல்லை. குளிர்காலத்தில் இட்ட முட்டைக்கும் வசந்தத்தில் கொழுத்த புழுவுக்கும் நடுவில் காணாமல் போனவைதான் கணக்கைத் தீர்மானித்தன. ஓக் மொட்டு விரியும் முன்பே பொரிந்த புழு பட்டினியில் சாகும். நாள் தப்பினால் உயிர் தப்பாது.

ஆந்தைக்காரர் ஒருவரும் இருந்தார். எச். என். சதர்ன் என்ற எல்டனின் சகா, 1947 முதல் 1959 வரை இரவில் நடந்து, எந்தத் திசையில் எது அலறுகிறது என்று கேட்டுக் கேட்டே டானி ஆந்தைகளின் எல்லைகளை வரைந்தார். கக்கிய உருண்டைகளைப் பிரித்து எலும்பு எண்ணினார். கடுங்குளிருக்குப் பின் 17 ஜோடியாக இருந்தது முப்பதைத் தாண்டியது. ஆனால் எலி அருகிப்போன 1958இல் ஒரு ஜோடிகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. பிரமிடை வரைந்தவர் அறைக்குப் பக்கத்து அறையிலேயே அது நிரூபணமாகிவிட்டது.

பேட்ஜர்களிடம் போன ஹான்ஸ் குரூக், கடலையும் பாகும் கலந்த இரையில் வண்ணப் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டுக் கொடுத்தார். எந்தக் கூட்டத்துக் கழிவிடத்தில் எந்த நிறம் வருகிறது என்று பார்த்தே எல்லைகளைக் கண்டார். இங்குள்ள பேட்ஜருக்கு முக்கிய உணவு மண்புழு என்பதும் எழுபதுகளில் அவர் சொன்னதுதான். ஜான் கிரெப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? குருவிகளைப் பிடித்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிப் பாட்டைப் போட்டார். ஒலிபெருக்கி பாடிய இடத்துக்குள் மற்றக் குருவிகள் நுழையத் தயங்கின. சும்மா விட்ட இடங்கள் சட்டென்று நிரம்பின. இந்த ஜானின் தந்தைதான் ஹான்ஸ் கிரெப்ஸ். நம் மாணவர்கள் சிட்ரிக் அமிலத்தில் தொடங்கி மனப்பாடம் செய்யும் கிரெப்ஸ் சுழற்சிக்காரர்.

என் மகள் வேலை நிமித்தம் அந்தப் பக்கம் இருந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே நடக்கப் பல்கலைக்கழகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கட்டணம் இல்லை, நாய்க்கு இடமில்லை. துப்பறியும் கதைப் பிரியர்கள் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் பிணம் தேடிய காடு என்று வருகிறார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. மரத்துக்கு மரம் எண் எழுதிய பெட்டி, அங்கங்கே தரையில் தட்டுகள், கம்பிவேலி போட்டு மான் புகாமல் தடுத்த துண்டுகள். ஏதோ சர்வே நடக்கும் புறம்போக்கு மாதிரி இருந்தது.

அந்தப் பெட்டி ஏடுகளுக்கு, எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத வாசகர்கள் பின்னால் வந்தார்கள். நம் வல்லூறுக்கு நெருங்கிய சொந்தமான ஸ்பேரோஹாக், பூச்சிக்கொல்லி விஷத்தால் 1960 வாக்கில் வைட்டம்மிலிருந்து மறைந்து, எழுபதுகளில் திரும்பியது. ஆன்ட்ரூ காஸ்லரும் மற்றவர்களும் 1995இல் பழைய எடைக் குறிப்புகளைப் புரட்டினார்கள். வேட்டைக்காரன் இல்லாத ஆண்டுகளில் குருவிகள் கொழுத்திருந்தன. அவன் திரும்பியதும் இளைத்தன. உடம்பு கனத்தால் தப்பிப் பறக்க முடியாதே. குருவியின் எடையை எழுதிவைத்தவர்களுக்கு டிடிடியைப் பற்றி அப்போது ஒரு யோசனையும் இல்லை.

இன்னொன்று பருவநிலை. 1961 முதல் 2007 வரையிலான முதல் முட்டைத் தேதிகளை வரிசைப்படுத்தியபோது, குருவிகள் சுமார் இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. வசந்தம் சூடாகிறது, ஓக் முந்தித் துளிர்க்கிறது, புழு முந்தி வருகிறது, குருவியும் ஈடுகொடுக்கிறது. 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் அது வந்தது. லாக் 1973இலேயே காலமாகிவிட்டார். முட்டை எண்ணிக்கைக்காகத் தேதி எழுதியவருக்குப் பூமி சூடாவதன் சாட்சியைத் தான் எழுதுகிறோம் என்று எப்படித் தெரியும்?

நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், துறைத்தலைவர் ஒருவர் குளத்துத் தவளைகளை வருஷா வருஷம் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற மாதமே ஏடுகள் பழைய பேப்பர்காரரிடம் போயின. வந்தவர் புதுத் தலைப்பு எடுத்தார், ஏனென்றால் புதுத் தலைப்புக்குத்தான் மானியம். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் போனதும் அடுத்தவர் அதே பெட்டியைத் திறந்தார், அதே அலகில் எழுதினார், வித்தியாசம் அவ்வளவுதான். எல்டன் எல்லாவற்றையும் அறிய நினைத்தார், ஆள் போனதும் வேலை நின்றது. லாக் ஒரு பறவையின் முட்டையைக் கேட்டார், கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய கனவைவிடச் சின்னக் கேள்விக்கு ஆயுசு கெட்டி என்று நான் வெகுகாலம் மாணவர்களிடம் சொல்லிவந்தேன்.

இப்போது அப்படி அடித்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. காரணம் ஆஷ் மரம். கிழக்கிலிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய ஒரு பூஞ்சை நோய் வைட்டம்மின் ஆஷ் மரங்களையும் பிடித்துவிட்டது. இலை கருகி, கிளை காய்ந்து, நுனியிலிருந்து மரம் பட்டுவருகிறது. காட்டில் அதிகம் இருப்பதில் அதுவும் ஒன்று. எழுபதுகளின் நடுவில் காலியர் டாக்கின்ஸ் காடெங்கும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக 164 சதுரங்கள் குறித்து வைத்தார். அவற்றைத் திரும்பத் திரும்ப அளந்துவருவதால், எந்தச் சதுரத்தில் ஆஷ் போன இடத்தில் சிக்கமோர் வருகிறது, எதில் வெயில் விழுந்து புதர் மண்டுகிறது என்று சொல்லலாம். ஆனால் சாகும் ஆஷ் மரங்கள் காட்டுக்குள் பட்ட கட்டையைக் குவிக்கப் போகின்றன. கட்டை பெருகப் பெருக அதில் குடியேறும் வண்டுகளில் எது புதிது, எது ஐம்பதுகளிலேயே இருந்தது என்று முட்டை ஏடு சொல்லாது, புழுத் தட்டும் சொல்லாது. அதற்கு எல்டனின் சீட்டுகளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அவை ஆக்ஸ்போர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.